கார் சாவி, நாற்பத்தொரு டேக்

செப்டம்பர் 2, திங்கள்

ரெக்கார்டிங் ஷீட்டில் ‘ரிமார்க்ஸ்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் எழுதிய ஒரு குறிப்புக்காக இன்று கோதண்டம் சார் கூப்பிட்டுத் திட்டினார். நான் எழுதியது இதுதான்: ‘ஏசி சத்தம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். காது கேட்காதவர்கள் ஸ்டுடியோ நடத்தக் கூடாது.’

“ஷீட்டு அமெரிக்காக்காரன் வரைக்கும் போவுது எட்வினு. உன் வயித்தெரிச்சலை எழுதணும்னா வேற நோட்டு வாங்கிக்க” என்றார்.

வாங்கிவிட்டேன்.

சாலிகிராமத்தில் இந்த டப்பிங் ஸ்டுடியோவில் நான் சவுண்ட் இன்ஜினியர். ஊர் தூத்துக்குடி. எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், வயது இருபத்தாறு. ஆறு மாதமாக ஒரே வேலை. ‘ஹாலிஸ் அண்ட் டாட்டர்’ என்று முப்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க சீரியல். அப்பாவும் வக்கீல், மகளும் வக்கீல். அவர்களைத் தமிழ் பேச வைக்க வேண்டும். மகள் நோராவாக நடித்தவர் லோரீன் ஹாட்லி. அவருக்குத் தமிழில் பேசுகிறவர் சுகந்தி அக்கா.

நான்காவது சீசனை இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அமெரிக்க நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். அன்றைக்கே அவர்கள் அனுப்பிய எல்லாவற்றையும் அழித்து, ‘அழித்துவிட்டோம்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அக்ரிமென்ட் அப்படி.

ஏசியை இன்னும் சரிசெய்யவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையிலிருந்து ட்ராக்கில் ஒரு ‘ம்ம்ம்’. கரன்ட் லைனில் வருகிற இரைச்சல். இரண்டு மணி நேரம் தேடினேன். எர்த் பார்த்தேன், கேபிள் மாற்றினேன், இ.பி. ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். கோதண்டம் சார் வந்து பின்னால் நின்றுகொண்டார். நின்றால் எனக்குக் கை ஓடாது.

அப்போது சுகந்தி அக்கா ரெக்கார்டிங் பூத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னார்: “எட்வினு, உன் போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாரேன்.”

பிடுங்கினேன். சத்தம் நின்றுவிட்டது.

சார் சிரித்த சிரிப்பில் மேசைமேல் டீ கொட்டியது. “நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் நீ. படிக்காத சுகந்தி கண்டுபிடிக்குது பாரு!”

சார்ஜர் போலி. அது என் தப்பு இல்லை.

செப்டம்பர் 4, புதன்

ஆறாவது எபிசோட். ஒரு சின்ன வரி: “மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்க.” அக்காவுக்கு வாயசைவு பொருந்தவே இல்லை. திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது. எத்தனை டேக் என்று இங்கே எழுதவில்லை. எழுதுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. நேற்று நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாயசைவு, அவ்வளவுதான்.

அக்கா மதியம் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். தொண்டை கட்டிவிட்டதாம். தொண்டையைப் பார்த்துக்கொள்ளாதவர்கள் எதற்கு இந்த வேலைக்கு வர வேண்டும்?

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனைப் பந்தலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். பூத்துக்குள் வரை கேட்கிறது. ரெக்கார்டிங் இல்லை. ஆனால் எல்லாரும் வர வேண்டும் என்று சார் உத்தரவு. எதற்கு, சுண்டல் தின்னவா?

சும்மா இருந்த நேரத்தில் அக்காவே பேச்சுக் கொடுத்தார். குரல் சரியாகிவிட்டிருந்தது.

“லோரீன் மூச்சைக் கவனிச்சிருக்கியா?”

“மூச்சுல என்னக்கா கவனிக்க?”

“முதல் சீசன்ல பேசறதுக்கு முன்னாடி மூக்கால சின்னதா ஒண்ணு இழுப்பா. தைரியமா இருக்கறவங்க மூச்சு அது. நாலாவது சீசன்ல அது போயிடுச்சு. வாயால இழுக்கறா. யாரோ அடிக்க வர்ற மாதிரி.”

நடிப்பாக இருக்கும் என்றேன்.

“நடிப்புன்னா எல்லா சீன்லயும் இருக்காது தம்பி. காபி குடிக்கற சீன்லகூட இருக்கு.”

அந்த அம்மாளைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதது இல்லை. குரல் கொடுக்க ஒப்புக்கொண்டவுடன் எல்லாவற்றையும் தேடிப் பார்த்திருக்கிறார். லோரீன் ஒஹையோவில் லாரி டிரைவர் மகள். பத்தொன்பது வயதில் சோப்பு விளம்பரம். பிறகு ‘டாக்டர் இதோ வந்துவிட்டார்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற நர்ஸ் வேடங்கள். அப்புறம் ஒரு பகல்நேர சீரியலில் நாலு வருடம். முப்பத்தொரு வயதில் நோரா. மூன்று சீசனில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். நான்காவது சீசன் பாதியில் திடீரென்று காணோம். ஒன்பதாவது எபிசோடில் வீட்டை விட்டுக் கிளம்புகிற நோரா, பத்தாவதில் கார் விபத்தில் செத்துவிட்டாள். விபத்தைக்கூடக் காட்டவில்லை. ஒரு போட்டோவுக்கு மாலை.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. எட்டு வருடம் கழித்து ஒரு போலீஸ் சீரியலில் பிணத்தின் அம்மா. முதுகை மட்டும் காட்டி அழுகிற வேடம். பிறகு அரிசோனாவில் வீடு விற்கிற வேலை. வருடத்துக்கு ஒருமுறை ரசிகர் கூட்டங்களில் மேசை போட்டுப் பழைய போட்டோவில் கையெழுத்து. இப்போது அறுபத்துமூன்று வயது.

“ஏன் தூக்கினாங்களாம்?”

“குடிச்சிட்டு வருவா, வசனம் மறந்துடுவான்னு டைரக்டர் சொன்னாராம். ஒரு வரிக்கு நாப்பது டேக் வாங்கினாளாம். இன்னிக்கும் நெட்டுல ஜோக்கா ஓடுது.”

நாற்பது டேக் என்றால் தூக்கத்தான் வேண்டும் என்றேன். அக்கா சுண்டலைப் பேப்பரில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒன்பதாவது எபிசோடுக்குப் பின்னணி ஓசை ட்ராக் இல்லை. தொலைந்துவிட்டதாம். தமிழ்க் குரலைச் சேர்க்க வேண்டுமென்றால் காலடி, கதவு, கப் வைக்கிற சத்தம் எல்லாம் தனியாக வேண்டும். எழுதிக் கேட்டதற்கு அங்கே ஆவணக் கிடங்கில் எந்தச் சோம்பேறியோ அந்த எபிசோடின் படப்பிடிப்பு டேப் மொத்தத்தையும் ஒரு டிரைவில் போட்டு அப்படியே அனுப்பியிருக்கிறான். வெட்டாதது, பிரிக்காதது. பதினோரு மணி நேரம். வேண்டியதை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி மெயில்.

நான் என்ன குப்பை பொறுக்குகிறவனா? அங்கே இருபது நிமிடம் வேலை செய்யச் சோம்பல்பட்டவனுக்காக இங்கே நான் பதினோரு மணி நேரம் உட்கார வேண்டும்.

செப்டம்பர் 11, புதன்

கேட்டேன். அந்த நாற்பது டேக் இதில் இருக்கிறது.

நாற்பது இல்லை, நாற்பத்தொன்று. எண்ணினேன். வரி இவ்வளவுதான். நோரா மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்கிறாள்: “அப்பா, கார் சாவியை எங்கே வைத்தீர்கள்? நாலரைக்கு நான் கோர்ட்டில் இருக்க வேண்டும்.”

எங்கே மறக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே போனேன். மறக்கவே இல்லை. நாற்பத்தொரு டேக்கிலும் ஒரு சொல் மாறவில்லை. குடித்தவர் நாக்கு இல்லை அது. ஸ்கிரீனில் அலைவடிவங்களை அடுக்கிப் பார்த்தேன். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பிறகு டைரக்டர் குரல்: “மறுபடியும்.” காரணம் சொல்வதில்லை. “மறுபடியும்.” இருபதாவதுக்கு மேல், “எனக்கு ஒன்றும் அவசரமில்லை. மறுபடியும்.” ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு சிரிப்பதில்லை. முப்பத்துநாலில் யாரோ “வாரன், சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது” என்கிறார். “நோராவிடம் சொல்” என்று பதில்.

ஒளிபரப்பானது எந்த டேக் என்று சோதித்தேன். சுலபம். டிவியில் வந்த ட்ராக்கின்மேல் ஒவ்வொரு டேக்கையும் வைத்து ஒன்றைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சத்தம் அடங்கிவிடும். அடங்கியது. பழைய டேப்பின் இரைச்சல் மட்டும் மிச்சம்.

டேக் இரண்டு.

இரண்டாவதே போதுமாக இருந்திருக்கிறது. அதைத்தான் ஒளிபரப்பியிருக்கிறான். அப்புறம் எதற்கடா முப்பத்தொன்பது? கையிலிருந்த டீ கிளாஸைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. ஸ்டுடியோ சுவர், பஞ்சு. உடைந்திருக்காது.

செப்டம்பர் 12, வியாழன்

அக்காவைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டினேன். நேற்று நான் மேலே தொங்குகிற மைக்கின் ட்ராக்கைத்தான் கேட்டிருந்தேன். இன்று லோரீன் சட்டைக்குள் குத்தியிருந்த சின்ன மைக்கின் ட்ராக்கைத் திறந்தேன். அது மூச்சுவரை பிடிக்கும்.

இருபத்தெட்டுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவில் காலடி கிட்டே வருகிறது. டைரக்டர் வாரன் தணிந்த குரலில் பேசுகிறான். செட்டில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்: “நேற்று ராத்திரி கதவைத் தட்டியபோது நீ திறந்திருந்தால் இந்நேரம் எல்லாரும் சாப்பிடப் போயிருக்கலாம்.”

பதிலுக்கு லோரீனிடமிருந்து வாயால் ஒரு மூச்சு. பிறகு சத்தமாக அவன், “மறுபடியும்.” அவர், “அப்பா, கார் சாவியை எங்கே வைத்தீர்கள்?”

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. நாற்பத்தொன்று வரை கேட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஏன் என்று தெரியவில்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

செப்டம்பர் 13, வெள்ளி

தேடினேன். விஷயம் பழசு இல்லை, இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

போன வருடம் ஒரு பேட்டியில் லோரீன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கதவு தட்டியது, திறக்காதது, மறுநாள் செட். ‘எல்லாரும் நாற்பது என்கிறார்கள். நாற்பத்தொன்று. எண்ணியவள் நான்’ என்றார். அந்த வாரன் கிரிட்ஸ் மானநஷ்ட வழக்குப் போட்டுவிட்டான். குடித்துவிட்டு வந்து வசனத்தை மறந்தாள், அவள் சொல்வதற்கெல்லாம் எந்தப் பதிவும் கிடையாது, அவள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான். அக்டோபர் ஏழாம் தேதி விசாரணை. லோரீன் கையில் ஆதாரம் எதுவும் இல்லாததால் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வழியிருக்காது என்று அங்கே எழுதுகிறார்கள்.

பதிவு இருக்கிறது. என் மேசையில், கறுப்பு டிரைவில். முப்பதாம் தேதி நான் அழிக்க வேண்டிய டிரைவில்.

செப்டம்பர் 16, திங்கள்

கோதண்டம் சாரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர் மாதிரி தலையைத் தலையை ஆட்டினார். கடைசியில்:

“பாவம்தான். ஆனா நம்மகிட்ட குடுத்தது சத்தம். அதைத் தமிழாக்கிக் குடுக்கறது நம்ம வேலை. எவன் எவ கதவைத் தட்டினான்னு பாக்கறதா நம்ம வேலை?”

“சத்தத்துக்குள்ளதான் சார் அது இருக்கு.”

“அப்ப காதை மூடிக்க.”

“காதை மூடிக்கிட்டு நான் எப்படி சார் வேலை செய்யுதது?”

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். சார் அதையும் கிண்டலடித்தார். “செய்யுததெல்லாம் தூத்துக்குடில வச்சிக்க. இது வெளிய போச்சுன்னா அடுத்த வேலை போச்சு. அந்த லோரீனோட பகல் சீரியல், இருநூறு எபிசோடு, நமக்குன்னு பேசி வச்சிருக்கேன். சுகந்தியைக் கேளு, அது சொல்லும்.”

செப்டம்பர் 17, செவ்வாய்

ஏழாவது எபிசோட் மிக்ஸ் முடிந்தது. ஏசி சொட்டுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறார்கள். சொட்டுகிற சத்தம் ‘சி’ சுருதியில் இருக்கிறது. ரிமார்க்ஸில் எழுதவில்லை.

செப்டம்பர் 18, புதன்

அக்காவிடம் சொன்னேன்: லோரீனின் வக்கீலுக்கு எழுதப் போகிறேன் என்று. கைதட்டுவார் என்று நினைத்தேன்.

“எனக்கு அந்த இருநூறு எபிசோடு வேணும் எட்வினு” என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மூன்று சீசன் அவர் குரலைச் சுமந்தீர்களே, இவ்வளவுதானா என்று கத்தினேன். பூத் கதவு திறந்திருந்தது. வெளியே கேட்டிருக்கும்.

“பயமாக்கா?”

“பயம்தான். உனக்கு இருபத்தாறு, வேற எங்கயாவது போயிடுவ. எனக்கு அம்பத்தொண்ணு. கூட்டத்துல கூச்சல் போடறதுக்கும் குழந்தை அழுகைக்கும் குரல் குடுத்துக் குடுத்து, இந்த இடத்துக்கு வர முப்பது வருஷம் ஆச்சு. சாயங்காலத்துக்குள்ள இந்தத் தெருவுல இருக்கற எல்லா ஸ்டுடியோவும் ‘அந்தம்மா வம்பு’ன்னு பேசிடும். அப்புறம் கூப்பிட மாட்டாங்க. ஏன் கூப்பிடலைன்னும் சொல்ல மாட்டாங்க. லோரீனுக்கும் அதானே ஆச்சு? அவளை எனக்குத் தெரியாதுன்னா நினைக்கற?”

“அப்ப அவங்க மன்னிப்புக் கேக்கட்டும்ங்கறீங்களா?”

“நீ அனுப்பு. நான் தடுக்கலை. ஆனா என்னைப் பாத்துக் கத்தாத. கத்தறதுக்கு வாகா எப்பவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்தான் இருக்கேன், இல்ல?”

கடைசியில் சொன்னது புரியவில்லை. பயந்தவர்கள் பேச்சு இப்படித்தான் சுற்றிவளைத்து வரும்.

செப்டம்பர் 19, வியாழன்

அக்கா சீக்கிரமே வந்துவிட்டார். கையில் பத்தாவது எபிசோடின் வசனப் பேப்பர். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். நோரா என்ற பெயருக்கு எதிரில் ஒன்றுமே இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

“நாளைக்கு எனக்கு கால்ஷீட் இல்லைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. இதான் காரணம். போட்டோவுக்குக் குரல் தேவையில்லையாம்.” பேப்பரை மடித்தார். “உன் லெட்டர்ல ரெண்டு பேர் கேட்டோம்னு எழுது. என் பேரு ஸ்பெல்லிங் நான் சொல்றேன். முழுப் பேரா போடு. சுகந்தி தனசேகரன்.”

“இருநூறு எபிசோடு?”

“எழுதுடா.”

எழுதினேன். சேர்த்துவைத்துக் கேட்டபோது சத்தம் அடங்கியதையும், டேக் இரண்டையும், சின்ன மைக் பிடித்ததையும் வரிசையாக எழுதினேன். அலைவடிவப் படங்கள் வைத்தேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் கையில் இருக்கும் பிரதி அழியும் முன் கோர்ட் மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றும், மூல டேப் உங்கள் ஊரிலேயே எந்தக் கிடங்கில் எந்த எண்ணில் கிடக்கிறது என்றும் எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 23, திங்கள்

கோர்ட்டிலிருந்து அந்த நிறுவனத்துக்குக் கடிதம் போய், அவர்கள் கோதண்டம் சாருக்குப் போன் போட்டுவிட்டார்கள். எதையும் அழிக்கக் கூடாது என்று உத்தரவாம். சார் என் முன்னால் வந்து நின்றார். கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை.

“முப்பதாம் தேதி வரைக்கும் வேலையை முடிச்சுக் குடு. அப்புறம் நீ உன் வழியைப் பாத்துக்க.”

“அக்கா?”

“பகல் சீரியலுக்கு வேற குரல் பாக்கச் சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?” போகும்போது வாளியைக் காலால் தள்ளிவிட்டார். தரையெல்லாம் தண்ணீர். நான்தான் துடைத்தேன்.

அக்காவிடம் நான் சொல்வதற்கு முன்பே தெரிந்திருந்தது. “சொன்னேன்ல, சாயங்காலத்துக்குள்ளன்னு” என்றார். மணி அப்போது காலை பதினொன்றரைதான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

லோரீனின் வக்கீலிடமிருந்து மெயில். பெண். ஒரு கேள்விதான் பாக்கி. கிரிட்ஸ் தரப்பு இப்போது வாதத்தை மாற்றிவிட்டார்களாம். வசனத்தை மறந்தாள் என்று சொல்ல முடியாது. ஆகவே, ‘சிறப்பாக வர வேண்டும் என்று பல டேக் எடுப்பது இந்தத் தொழிலில் சகஜம்’ என்கிறார்கள். அந்தத் தணிந்த குரல் தன்னுடையதே இல்லை என்கிறான். அதற்குத் தனியாக நிபுணர்கள் இருக்கிறார்கள். எனக்கு வந்த கேள்வி: குரல் பதிவில் பயிற்சி பெற்ற இன்ஜினியர் என்ற முறையில் என் அனுபவத்தில் ஒரு வரிக்கு எத்தனை டேக் வழக்கம்? கணக்கோடு, உறுதிமொழியாகத் தர வேண்டும்.

சகஜமாம்! நாய்கள். கணக்கு வேண்டுமா, தருகிறேன். நான் ஒவ்வொரு டேக்கையும் சேமித்து வைக்கிறவன். என் கன்சோல் மேசையிலிருந்து நான் மைக்கில் பேசுவதுகூடப் பதிவாகும். ‘நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று யாராவது வாதாடினால் போட்டுக்காட்ட. நான்காவது சீசனில் மட்டும் நோராவுக்கு அறுநூற்றுப் பதினெட்டு வரிகள். நாளை எண்ணிவிடலாம்.

செப்டம்பர் 25, புதன்

அறுநூற்றுப் பதினெட்டு வரி. சராசரி இரண்டேகால் டேக். அதிகபட்சம் ஆறு, அதுவும் அழுகிற காட்சி.

ஒன்றைத் தவிர.

ஒரு வரிக்குப் பத்தொன்பது. எண்கள் அடுக்கில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. விலகி நிற்கிற எண்ணைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள். திறந்தேன். ஆறாவது எபிசோட். செப்டம்பர் 4. குடை.

மூன்றாவது டேக் கச்சிதமாகப் பொருந்துகிறது. மிக்ஸில் போட்டிருப்பதும் மூன்றுதான். போட்டவன் நான்.

அப்புறம் என் ட்ராக்கைத் திறந்தேன்.

“மறுபடியும்க்கா.” “மறுபடியும்.” “குடையை முழுங்காதீங்க. மறுபடியும்.” எட்டாவதில் அக்கா கேட்கிறார், “எந்த இடத்துலப்பா சரியில்ல?” நான் பதில் சொல்லவில்லை. “மறுபடியும்.” பதிமூன்றாவதில்: “சார்ஜர் சத்தம் கேக்குத காதுக்கு இது கேக்கலையா?” பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். பதினாறாவதில்: “எனக்கு ஒண்ணும் அவசரமில்லை.”

அந்தக் குரலை எனக்குப் பிடிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து மறுபடி கேட்டேன். மாறவில்லை. பதினேழாவது டேக்கிலிருந்து அக்கா வாயால் மூச்சு இழுக்கிறார்.

அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் அறுநூற்றுப் பதினேழு. சராசரி பெரிதாக மாறாது. அதிகபட்சம் ஆறு. சுத்தமான கணக்கு. பத்தொன்பதையும் கொடுத்தால் கிரிட்ஸின் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வான்: ‘பாருங்கள், சாட்சியே எடுத்திருக்கிறார், சகஜம்தான்.’ லோரீனுக்குக் கெடுதல் செய்வதாக ஆகிவிடாதா? விட்டுவிடுவது அவருக்காகத்தான். எனக்காக இல்லை.

மேலே உள்ள கடைசி இரண்டு வாக்கியங்களும் பொய்.

செப்டம்பர் 26, வியாழன்

உறுதிமொழி எழுதிவிட்டேன். முதலில் கணக்கு. பிறகு இப்படி:

‘இதில் ஒரு வரிக்குப் பத்தொன்பது டேக் எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்தவன் நான். மூன்றாவதே சரியாக இருந்தது. சிறப்பாக வர வேண்டும் என்பதற்காக மீதியை எடுக்கவில்லை. முந்தைய நாள் அந்தக் கலைஞர் எல்லார் முன்னாலும் என் தவறைக் கண்டுபிடித்தார். அதனால் எடுத்தேன். இது இந்தத் தொழிலில் சகஜமா என்று கேட்டால், தேவைக்காக எடுப்பது ஆறைத் தாண்டியதில்லை. தாண்டிய ஒரே ஒருமுறை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த நாற்பத்தொன்று என்ன என்றும் எனக்குத் தெரிகிறது. அந்தப் பத்தொன்பதின் ஒலிப்பதிவு, என் குரலோடு, இணைத்திருக்கிறேன்.’

அனுப்புவதற்கு முன் அக்காவிடம் காட்ட வேண்டும். அவர் குரலும் அதில் இருக்கிறது. பூத்துக்குள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலுமிச்சைச் சாதம். கன்சோலில் இருந்து மைக்கில் பேசுவது எனக்குச் சுலபம். எழுந்து உள்ளே போனேன்.

“அக்கா, அந்தக் குடை வரி.”

“ம்.”

“மூணாவதே சரியா இருந்துச்சு. வேணும்னேதான் எடுத்தேன். பத்தொம்பது டேக்.”

அக்கா ஊறுகாயை ஓரமாக ஒதுக்கினார்.

“இருபது” என்றார்.

“இல்லக்கா, மெஷின்ல பத்தொம்பதுதான் இருக்கு. நல்லா எண்ணிட்டேன்.”

“பதினாலாவதுக்கு நீ ரெக்கார்ட் பட்டனை அமுக்கலை. அந்தச் சார்ஜர் பேச்சு பேசிட்டு எல்லாரையும் பாத்துச் சிரிச்சிட்டிருந்த. ரெக்கார்டிங் லைட் எரியலைன்னு எனக்குத் தெரிஞ்சுது. இருந்தாலும் பேசினேன்.” ஒரு வாய் சாப்பிட்டார். “உன் மெஷினுக்கு என்ன தெரியும்? எண்ணினவ நான்.”

மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகமில்லை. கேட்டிருந்தாலும் அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை.

“எட்டாவது எபிசோடுல திருத்தம் நாலு வரி பாக்கி இருக்குன்னியே. சாப்பிட்டுட்டு வர்றேன், எடுத்துடலாம்” என்று மட்டும் சொன்னார்.

கன்சோலுக்குத் திரும்பினேன். உறுதிமொழியில் பத்தொன்பது இருந்த மூன்று இடங்களிலும் அதை அடித்துவிட்டு இருபது என்று மாற்றினேன். கீழே ஒரு குறிப்புச் சேர்த்தேன்: ‘பத்தொன்பதுக்குத்தான் பதிவு இருக்கிறது. இருபது என்பது சுகந்தி தனசேகரன் எண்ணியது. அதுவே சரி.’

அனுப்பினேன்.

நாலு வரிக்கும் சேர்த்து நாலு டேக். ரிமார்க்ஸ் கட்டம் காலி.